ஆர்வியில் நிரந்தரமாகக் குடியேறுதல்: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

அமெரிக்காவில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆர்வி எனப்படும் நகரும் வீட்டில், அதாவது ட்ரக்கால் இழுக்கும் ட்ரெய்லரிலோ தானே ஓடும் மோட்டார் ஹோமிலோ, ஆண்டு முழுவதும் குடியிருக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் மனைவியும் ட்ரக்கால் இழுக்கப்படும் 30 அடி ட்ரெய்லரில் வாழ்கிறோம். இருவருக்கும் வீட்டிலிருந்தே செய்யும் வேலை. எங்களுக்குப் பக்கத்து இடத்தில் வந்து நின்ற புதியவர்கள் பலர் தடுமாறியதைப் பார்த்திருக்கிறோம், சிலருக்குக் கை கொடுத்தும் இருக்கிறோம். அவர்கள் செய்த தவறுகளில் பெரும்பாலானவை வேலைகளின் வரிசை பிறழ்ந்ததால் வந்தவை. ட்ரெய்லரை வாங்கிய பிறகு அதை இழுக்கும் ட்ரக்கைத் தேடுகிறார்கள். வீட்டைக் காலி செய்த பிறகு முகவரிக்கு வழி தேடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. வாங்கும் முன் பத்து நாள் வாடகைக்கு எடுத்து வாழ்ந்து பாருங்கள்

அந்தப் பத்து நாளில் குறைந்தது ஐந்து நாட்களாவது வேலை நாட்களாக இருக்கட்டும். விடுமுறையில் மலையடிவாரத்தில் தங்கும்போது எந்த வண்டியும் போதுமானதாகத்தான் தோன்றும். இருவரும் ஒரே நேரத்தில் அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டியிருக்கிறது, அடுப்பில் குக்கர் விசிலடிக்கிறது, வெளியே மழை பெய்கிறது என்ற நிலையில் ஏறத்தாழ 240 சதுர அடிக்குள் உங்களால் இருக்க முடிகிறதா என்பதே இந்தச் சோதனையில் தெரிய வேண்டும்.

குறிப்பேட்டில் மூன்று விவரங்களை எழுதுங்கள். கழிவுத் தொட்டிகள் எத்தனை நாளில் நிறைந்தன, வேலை செய்ய ஒவ்வொருவரும் எங்கே உட்கார்ந்தீர்கள், வீட்டிலிருந்து கொண்டுவந்தவற்றில் எதைத் தொடவே இல்லை. எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், எந்த உள்ளமைப்பு வேண்டும், எவற்றை விட்டுவிட்டு வரலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தக் குறிப்பிலேயே கிடைக்கும்.

2. முகவரியை முதலில் முடிவு செய்யுங்கள்

ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, காப்பீடு, வரி ஆகிய அனைத்தும் ஏதோ ஒரு மாநிலத்து முகவரியைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. முழுநேரமாக ஆர்வியில் வாழ்பவர்களில் பலர் டெக்சாஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இம்மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை; தபாலைப் பெற்று நீங்கள் இருக்கும் ஊருக்கு அனுப்பிவைக்கும் சேவைகளும் அங்கே நன்கு வேரூன்றியுள்ளன. டெக்சாஸில் லிவிங்ஸ்டன் ஊரில் இயங்கும் எஸ்கேப்பீஸ் அமைப்பு இத்தகைய ஒன்று. தெற்கு டகோட்டாவில் இப்படிப்பட்டவர்களுக்கு உரிமம் வழங்க, அம்மாநிலத்தில் ஓர் இரவாவது தங்கியதற்கான ரசீதைக் கேட்கிறார்கள். இந்த விதிகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த மாநிலத்தின் அரசுத் தளத்திலேயே படித்துவிடுங்கள்.

முதலில் தபால் சேவை, அதன் பிறகு காப்பீடு, பிறகு வாகனப் பதிவும் உரிமமும், கடைசியில் வீட்டைக் காலி செய்தல் என்று போக வேண்டும். பல மாநிலங்களில் வாகனப் பதிவுக்குக் காப்பீட்டைச் சான்றாகக் கேட்பார்கள்; பதிவு, உரிமம் இரண்டில் எது முதலில் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். காப்பீடு எடுக்கும்போது நீங்கள் இதில் நிரந்தரமாகக் குடியிருக்கப் போவதை ஒளிக்காமல் சொல்லி, அதற்கென்றே உள்ள முழுநேரக் காப்பீட்டைக் கேளுங்கள். பொழுதுபோக்குப் பயணத்துக்கான காப்பீட்டை எடுத்துவிட்டு அதில் வீடாக வாழ்ந்தால், இழப்பு நேரும்போது நிறுவனம் பணம் தர மறுக்க இடமிருக்கிறது.

நம்மவர்களில் ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் இந்தப் படியில் நின்று நிதானிக்க வேண்டும். அந்த விசாவின் விண்ணப்பம் குறிப்பிட்ட பணியிடத்தை ஒட்டியது. வேலை செய்யும் இடம் வேறொரு பெருநகரப் பகுதிக்கு மாறினால், முதலாளி திருத்திய மனுவைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஓர் ஊர் என்று நகரும் வாழ்க்கை இதற்குள் அடங்காது. நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. ஆனால் முகவரி மாறிய 10 நாட்களுக்குள் ஏஆர்-11 படிவத்தைத் தாக்கல் செய்யும் கடமை அவர்களுக்கும் உண்டு.

வருமான வரியிலும் ஒரு பிழை நடக்கிறது. டெக்சாஸ் உரிமம் இருந்துவிட்டால் எங்கிருந்து வேலை செய்தாலும் மாநில வரி கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். கலிஃபோர்னியாவில் மாதக்கணக்கில் தங்கி அங்கிருந்தே வேலை செய்தால், அந்தக் காலத்து ஊதியத்துக்கு அந்த மாநிலம் வரி கேட்க முடியும். எந்த நாளில் எந்த மாநிலத்தில் இருந்தீர்கள் என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

3. எடைக் கணக்கைப் போட்ட பிறகே வண்டியைப் பார்க்கப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கவனமாகப் படிக்கப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். விற்பனையாளர் சொல்லும் "உங்கள் ட்ரக் 9,000 பவுண்டு இழுக்கும்" என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்கியவர்களின் ட்ரக் பெரும்பாலும் இழுவைத் திறனில் தோற்பதில்லை. ட்ரக்கின் முதுகில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்ற அளவில்தான் தோற்கிறது.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் மஞ்சள் பட்டையுடன் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அது 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்க்கும் ட்ரெய்லரின் உச்ச எடை 7,500 பவுண்டு. ட்ரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை அதன் மூக்கு வழியாக ட்ரக்கின் மீது இறங்கும். அப்படி இறங்கினால்தான் ட்ரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டாமல் வரும். 12 விழுக்காடு என்று கொண்டால் 900 பவுண்டு. இணைப்புக் கொக்கிச் சாதனம் 80 பவுண்டு, கணவன் மனைவி இருவரும் 320 பவுண்டு. கூட்டினால் 1,300. மீதமுள்ள 200 பவுண்டுக்குள்தான் ட்ரக்கில் வைக்கும் கருவிப்பெட்டி, ஜெனரேட்டர், சைக்கிள் எல்லாம் அடங்க வேண்டும். ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கி ட்ரக்கின் தளத்தில் வைத்து இழுக்கும் ஃபிஃப்த் வீல் வகையில் இந்தப் பங்கு ஏறத்தாழ 15 முதல் 25 விழுக்காடாக உயர்வதால், அதற்குப் பெரும்பாலும் முக்கால் டன் அல்லது ஒரு டன் ட்ரக் தேவைப்படுகிறது.

ட்ரெய்லரின் சொந்தக் கணக்கும் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் வெற்று எடை 6,000 என்றால், நீங்கள் ஏற்றக்கூடியது 1,500 பவுண்டு மட்டுமே. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 40 கேலன் நன்னீர்த் தொட்டியை நிரப்பினால் 334 பவுண்டு அதிலேயே போய்விடும். வார இறுதிப் பயணிக்குப் பிரச்சினை இல்லை. நம்மிடம் நான்கு பருவத்து உடைகளும், அரிசி மூட்டையும், கிரைண்டரும், அலுவலக வேலைக்கான கணினித் திரைகளும் இருக்கின்றன. ஆகையால் வெற்று எடையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ட்ரெய்லர் எப்போதும் உச்ச எடையிலேயே ஓடும் என்று வைத்துக்கொண்டு ட்ரக்கைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, நெடுஞ்சாலை ட்ரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். ட்ரக்கின் முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லரின் அச்சுகள் என்று தனித்தனியாக எடை போட்டுச் சீட்டுத் தருவார்கள். நாங்கள் முதன்முறை எடை போட்டபோது 340 பவுண்டு கூடுதலாக வந்தது. அன்று மாலையே புத்தகப் பெட்டிகளையும் இரும்புச் சட்டிகளில் பாதியையும் இறக்கினோம். மனம் வலித்தது, ஆனால் அதிகச் சுமையில் டயர் வெடித்தால் அது சக்கரத்துக்கு மேலுள்ள தரையையும் குழாய்களையும் சேர்த்துக் கிழித்துவிடும்.

4. வாங்கும்போது தண்ணீர் புகுந்த தடத்தைத் தேடுங்கள்

இயந்திரக் கோளாறுகளைப் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம். கூரை வழியாகத் தண்ணீர் புகுந்து சுவரின் மரச்சட்டம் மக்கிப்போன வண்டியைச் சரிசெய்யும் செலவு, பல நேரங்களில் வண்டியின் விலையையே எட்டிவிடும். அதனால் மற்றவற்றுக்கு முன் இதைப் பாருங்கள்.

மெத்தையைத் தூக்கித் தலைமாட்டு மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல சுவர் விரலைத் திருப்பித் தள்ளும். ஊறிய சுவர், தேநீரில் முக்கிய பிஸ்கட்டைப் போல மெல்ல உள்வாங்கும். அதே போல் குளியலறை வாசலிலும், நுழைவுப் படிக்கு மேலும், வெளியே நீளும் அறைப்பகுதியின் ஓரங்களிலும் குதிகாலால் அழுத்தி நடந்து பாருங்கள். அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்து பாருங்கள். வண்டியின் ஒரு மூலையில் மட்டும் சுவர்த்தாள் புதிதாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். வெளிச்சுவரைப் பக்கவாட்டிலிருந்து, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால், உப்பியிருக்கும் இடங்கள் நிழல் காட்டும்.

டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ட்ரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும் என்பதால், ஐந்து ஆண்டு கடந்தவற்றை மாற்றும் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சில ஆர்வி பார்க்குகள் அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சான்று பெற்ற ஆர்வி ஆய்வாளரைக் கூலி கொடுத்து அழைத்துப்போவது, என் கணிப்பில், இந்த வாழ்க்கையில் நீங்கள் செய்யும் செலவுகளிலேயே மிகப் பயனுள்ளது.

5. முதல் இரவுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வண்டியோடு இவை வருவதில்லை. வந்தாலும் தரமானவையாக இருப்பதில்லை. குடிநீருக்கான வெள்ளை ஹோஸ், நீரழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சாதனம், வடிகட்டி, மின் அளவைக் கண்காணித்துத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி, 30 ஆம்ப் 50 ஆம்ப் மாற்றிகள், சமப்படுத்தும் கட்டைகள், சக்கரத்துக்கு முட்டுக்கட்டைகள், கழிவு ஹோஸ், அதை அலச வேறு நிறத்தில் ஒரு ஹோஸ், தூக்கியெறியும் கையுறைகள், டயர் அழுத்தமானி, சக்கர நட்டுகளைச் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச். அலசும் ஹோஸும் குடிநீர் ஹோஸும் ஒரே பெட்டியில் இருக்கவே கூடாது.

6. இடத்துக்கு வந்ததும் நிறுத்தும் முறை

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். களைப்பில் வந்து சேரும்போது நினைவு கைவிடும்.

வண்டியை உள்ளே விடுவதற்கு முன் இறங்கி நடந்து பாருங்கள். தாழ்ந்த கிளை, நீண்டிருக்கும் பாறை, கழிவுக் குழாய் இருக்கும் பக்கம் ஆகியவற்றைக் கவனித்த பிறகு, மின்பெட்டியில் பிரேக்கரை அணைத்துவிட்டுப் பாதுகாப்புக் கருவியை மட்டும் செருகி, பிரேக்கரைப் போட்டுச் சோதியுங்கள். கம்பிகள் மாறியிருந்தாலோ மின் அழுத்தம் குறைவாக இருந்தாலோ வேறு இடம் கேட்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் இறக்கிப் பரப்பிய பிறகு இது தெரியவந்தால் ஒரு மணி நேர வேலை வீணாகும்.

பின்னால் எடுக்கும்போது வழிகாட்டுபவர் எப்போதும் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியாத கணத்திலேயே ஓட்டுநர் நிறுத்திவிட வேண்டும் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இடது வலது சமம். தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களின் கீழ் கட்டைகளை வைத்து அதன் மேல் வண்டியை ஏற்றுங்கள். இதை ட்ரக்கோடு இணைந்திருக்கும்போதுதான் செய்ய முடியும். அதன் பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டைகளை வையுங்கள். முட்டு வைத்த பிறகே ட்ரக்கிலிருந்து கழற்றுங்கள். நியூ மெக்சிகோவில் எங்களுக்கு எதிரே வந்து நின்ற ஓர் இளம் தம்பதியர் இந்த இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டார்கள். கொக்கி விடுபட்டதும் ட்ரெய்லர் சத்தமே இல்லாமல் பின்னோக்கி நகர்ந்தது. முன்பக்க ஜாக்கின் பாதம் சரளைக்கல்லில் இரண்டடி உழுதுகொண்டு போய்ப் புதைந்ததால் நின்றது. பின்னால் அவர்களுடைய குழந்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து நான் முட்டுக்கட்டையை வைத்த பிறகு, "வைத்தாயிற்று" என்று மனைவி வாய்விட்டுச் சொல்லும்வரை கொக்கியில் கை வைப்பதில்லை.

கழற்றிய பிறகு முன் ஜாக்கால் முன் பின் சமத்தைச் சரிசெய்யுங்கள். எரிவாயுவில் இயங்கும் குளிர்பதனப் பெட்டி சமமற்ற நிலையில் ஓடினால் அதன் குளிரூட்டும் பகுதி கெட்டுவிடும் என்பதால் இது அழகுக்காகச் செய்யும் வேலை அன்று. மூலைகளில் உள்ள தாங்கிகள் ஆட்டத்தைக் குறைக்க மட்டுமே. அவற்றைக் கொண்டு வண்டியைத் தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கடைசியாக மின்சாரம், தண்ணீர், கழிவு இணைப்புகள். அறைப்பகுதியை எப்போது நீட்டுவது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடுவதால் கையேட்டைப் பாருங்கள். எந்த வண்டியானாலும், நீட்டும்போது ஒருவர் வெளியே நிற்க வேண்டும்.

7. மின்சாரத்தைப் பங்கிடுதல்

30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு தனித்தனி 120 வோல்ட் கம்பிகள் வருவதால் 12,000 வாட் கிடைக்கும். பெயரில் 20 ஆம்ப்தான் வித்தியாசம் என்றாலும் உண்மையில் மும்மடங்குக்கு மேல்.

30 ஆம்ப் வண்டியில் கூரை ஏசி ஏறத்தாழ 1,500 வாட், இண்டக்ஷன் அடுப்பு 1,800 வாட், வெந்நீர்த் தொட்டியின் மின்சூடேற்றி 1,400 வாட்டுக்கு மேல். மூன்றும் சேர்ந்தால் 4,700, பிரேக்கர் விழும். ஆகவே கோடையில் சமைக்கும் நேரத்தில் வெந்நீரை எரிவாயுவுக்கு மாற்றுவது எங்கள் வழக்கம். கூட்டம் நிறைந்த பார்க்கில் பிற்பகல் நேரத்தில் எல்லோரும் ஏசி போடும்போது மின் அழுத்தம் 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஏசியின் கம்ப்ரசர் சூடேறிக் கெடும். தானாகத் துண்டிக்கும் கருவி இருந்தால் இந்தக் கவலை இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்சியை இங்கே மாற்றி போட்டு ஓட்ட முயலாதீர்கள். 110 வோல்ட்டில் செய்த மிக்சியும் கிரைண்டரும் அமெரிக்காவிலேயே கிடைக்கின்றன.

இணைப்பே இல்லாத இடத்தில் தங்க நினைத்தால், வாங்குவதற்கு முன் ஒரு நாள் செலவைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு மடிக்கணினி எட்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1,000 வாட்-மணி. ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் இணையம் பத்து மணி நேரத்துக்கு 500 முதல் 750 வரை. அதற்கு மேல் குளிர்பதனப் பெட்டி. 200 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறத்தாழ 2,500 வாட்-மணி இருக்கும். அதாவது ஒரு நாள் தாங்கும், மேகமூட்டமான இரண்டாவது நாள் தாங்காது. ஈய அமில பேட்டரியானால் கொள்ளளவில் பாதியைத்தான் பயன்படுத்தலாம்.

8. மூன்று தொட்டிகள்

வீட்டில் குழாயைத் திறக்கிறோம், மூடுகிறோம். மிச்சத்தை ஊராட்சியோ நகராட்சியோ பார்த்துக்கொள்கிறது. இங்கே அந்த மிச்சமும் நம் வேலை. நன்னீர்த் தொட்டி, சமையல் மற்றும் குளியல் நீர் சேரும் கிரே டேங்க், கழிப்பறையின் பிளாக் டேங்க் என மூன்று.

நன்னீர் இணைப்பில், அழுத்தக் கட்டுப்பாட்டை ஹோஸின் வண்டிப்பக்க முனையில் போடாமல், பார்க்கின் குழாயிலேயே போடுங்கள். அப்போதுதான் ஹோஸுக்கும் பாதுகாப்பு. வண்டிக்குள் 40 முதல் 50 பிஎஸ்ஐ போதும். புதிதாக வாங்கிய வண்டியின் தொட்டியை, 15 கேலனுக்குக் கால் கப் வாசனையற்ற பிளீச் கலந்த நீரால் நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் வரவிட்டு, சில மணி நேரம் ஊறவைத்துப் பின் வாசம் போகும்வரை அலசுங்கள். இதைச் செய்வதற்கு முன் வெந்நீர்த் தொட்டியை அணைத்துவிட வேண்டும். வெந்நீர்த் தொட்டியில் தண்ணீர் இல்லாதபோது மின்சூடேற்றியைப் போட்டால் அது நொடிகளில் எரிந்துவிடும்.

பிளாக் டேங்கில் புதியவர்கள் செய்யும் தவறு ஏறத்தாழ எல்லோருக்கும் பொது. கழிவு இணைப்பு இருக்கிறதே என்று வால்வைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். நீர் உடனே வடிந்துவிடும், திடக்கழிவு அடியில் குவிந்து காய்ந்து கெட்டிப்படும். பிறகு எந்த மருந்தாலும் அது கரையாது. வால்வை மூடியே வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு திறந்தால், அந்த நீரின் எடையே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கழிப்பறையில் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். காகிதத்துக்குப் பதில் தண்ணீர் பயன்படுத்தும் நம் வழக்கம் இங்கே பெரிதும் உதவுகிறது: தொட்டி சற்று விரைவாக நிறையும், ஆனால் அடைப்பு வருவதில்லை.

வெளியேற்றும்போது கையுறை அணிந்து ஹோஸை இரு முனையிலும் பூட்டி, முதலில் பிளாக் வால்வைத் திறங்கள். ஓட்டம் நின்றதும் மூடிவிட்டு, கிரே வால்வைத் திறங்கள். சோப்பு நீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். இதற்காகவே, இணைப்பு இருந்தாலும் கிரே டேங்கை ஓரளவு நிரப்பி வைத்திருப்பது நல்லது. இரண்டையும் மூடிய பிறகு, வண்டிப்பக்க முனையை முதலில் கழற்றி உயரத் தூக்கி, ஹோஸில் மிஞ்சியதை வடியவிடுங்கள். கடைசியில் பிளாக் டேங்கில் இரண்டு மூன்று கேலன் நீரை ஊற்றி வையுங்கள். காய்ந்த தொட்டியில் அடுத்த கழிவு விழக் கூடாது.

கிரே டேங்க் நாற்றமடிப்பதற்கு நம் சமையலில் காரணம் கஞ்சியும் எண்ணெயும். சோற்றுப் பருக்கைகளைச் சல்லடையில் பிடித்துக் குப்பையில் போடுங்கள். குழம்புச் சட்டியையும் வாணலியையும் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுங்கள். எண்ணெய் தொட்டிச் சுவரில் படிந்தால் அளவுகாட்டி பொய் சொல்லத் தொடங்கும். காலித் தொட்டியை முக்கால் நிறைந்ததாகக் காட்டும்.

9. சமையல், எரிவாயு, ஈரம்

ஒரு கேலன் புரொப்பேன் ஏறத்தாழ 91,500 பிடியூ வெப்பம் தரும். அடுப்பு அதில் மிகக் கொஞ்சத்தையே எடுக்கும். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் ஃபர்னஸ்தான் தொட்டியைக் காலி செய்யும். தாளிக்கும்போது புகை எச்சரிக்கைக் கருவி அலறும் என்பதற்காக அதன் பேட்டரியைக் கழற்றிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கூரை விசிறியை வெளிநோக்கிப் போட்டு, எதிர்ப்பக்க ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்துவிட்டுத் தாளித்தால் புகை உள்ளே தங்குவதில்லை. வறுவலையும் அப்பளத்தையும் வெளியே மேசையில் சிறு அடுப்பில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஈரம் வேறொரு பிரச்சினை. குக்கர் விடும் ஆவியும், இருவர் மூச்சும், குளியலும் குளிர்ந்த சுவரில் படிந்து நீராகின்றன. எங்கள் முதல் குளிர்காலத்தில், மெத்தையின் அடிப்பக்கம் கருப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. பிப்ரவரியில் விரிப்பை மாற்றும்போதுதான் பார்த்தோம். அதன் பின் மெத்தைக்கு அடியில் காற்றோட்டமுள்ள அடித்தட்டைப் போட்டு, சிறிய ஈர நீக்கி ஒன்றை இரவு முழுவதும் ஓடவிடுகிறோம். ஈரப்பதமானி வாங்கி 50 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள்.

தோசை மாவு குளிரில் புளிக்கவில்லை என்ற குறையும் வரும். வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தால் காலைக்குள் பொங்கிவிடும். பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

10. குளிருக்கு முன்னேற்பாடு

32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும் என்ற இரவில், வெளியே கிடக்கும் ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, நன்னீர்த் தொட்டியிலிருந்து பம்பு வழியாகப் பயன்படுத்துங்கள். தொடர்ந்து உறையும் ஊரில் இருக்க வேண்டியிருந்தால் சூடேறும் ஹோஸ் வேண்டும். பல வண்டிகளில் ஃபர்னஸின் வெப்பக் காற்று அடிப்பகுதித் தொட்டிகளுக்கும் போகிறது. எரிவாயுவை மிச்சம் பிடிக்க ஃபர்னஸை அணைத்துவிட்டு மின் ஹீட்டரை மட்டும் போடுபவர்களின் குழாய்கள்தான் முதலில் உறைகின்றன. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் கூடாது.

எளிதான வழி, குளிரைத் தவிர்த்துத் தெற்கே போவதுதான். அரிசோனா, தெற்கு டெக்சாஸ், ஃபுளோரிடா ஆகியவற்றுக்குப் பெரும்பாலானவர்கள் போவது இதனால்தான். அதனால் அங்கே குளிர்காலத்து இடங்களை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும்.

11. எங்கே தங்குவது, எவ்வளவு ஓட்டுவது

ஆர்வி பார்க்குகளில் நாள் வாடகையைவிட மாத வாடகை கணிசமாகக் குறைவு. ஆனால் மாத வாடகையில் மின்சாரத்தைப் பெரும்பாலும் மீட்டர்படி தனியாகக் கட்ட வேண்டும். மேற்கு மாநிலங்களில் பிஎல்எம் எனப்படும் நில மேலாண்மைத் துறையின் பொது நிலங்களில், பொதுவாக 28 நாட்களுக்குள் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். தண்ணீர், மின்சாரம், கழிவு எதுவும் இருக்காது. முதல் மூன்று மாதம் எல்லா இணைப்பும் உள்ள பார்க்கில் மாத வாடகையில் இருந்து, வண்டியின் குணத்தைப் பழகிக்கொண்ட பிறகு பொது நிலத்துக்குப் போங்கள்.

ஒரு நாளில் 200 மைலைத் தாண்டாமல், பிற்பகல் மூன்று மணிக்குள் வந்து சேர்வது எங்கள் முறை. மேலே ஆறாவது படியில் சொன்ன வேலைகளை இருட்டில் செய்தால் விபத்து நேரக்கூடும். வண்டியின் முழு உயரத்தை, கூரை ஏசியோடு சேர்த்து அளந்து, ஓட்டுநர் கண்முன் எழுதி ஒட்டுங்கள். கார்களுக்கான வழிகாட்டும் செயலி தாழ்ந்த பாலங்களைச் சொல்லாது. நியூயார்க்கைச் சுற்றியுள்ள பார்க்வே சாலைகளில் பாலங்கள் மிகத் தாழ்வு. பால்டிமோர் துறைமுகத்தின் அடியில் போகும் சுரங்கப் பாதைகளில் புரொப்பேன் தொட்டியுடன் போக அனுமதியில்லை.

சமவெளி மாநிலங்களில் வசந்த காலத்தில் தங்கினால், நீங்கள் இருக்கும் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின்) பெயரைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். டொர்னாடோ எனப்படும் சுழற்காற்றுக்கான எச்சரிக்கையில் கவுண்டிகளின் பெயரைத்தான் சொல்வார்கள். ஊர் மாறிக்கொண்டே இருக்கும் நமக்கு அது பல நேரங்களில் தெரிந்திருக்காது. எச்சரிக்கை வந்ததும் வண்டியை விட்டுவிட்டு, பார்க்கின் கான்கிரீட் குளியலறைக் கட்டடத்துக்கு ஓடுங்கள்.

12. நாட்காட்டியில் எழுத வேண்டிய பராமரிப்பு

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூரைமேல் ஏறி, விசிறி, காற்றுக்குழாய், ஆண்டெனா ஆகியவற்றைச் சுற்றியுள்ள அடைப்புப் பசையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பைக் கண்ட அன்றே, கூரையின் பொருளுக்கு ஏற்ற பசையைப் பூசுங்கள். எரிவாயுக் கசிவு, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகளுக்கு ஆயுட்காலம் உண்டு. பின்புறம் உள்ள தேதியைப் பார்த்து மாற்றுங்கள்.

கிளம்பும் ஒவ்வொரு முறையும், இருவரும் எதிரெதிர்த் திசையில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்: படி மடிந்திருக்கிறதா, எரிவாயு மூடியிருக்கிறதா, பாதுகாப்புச் சங்கிலிகள் குறுக்காக மாட்டியிருக்கின்றனவா, முட்டுக்கட்டைகள் எடுத்தாயிற்றா, விளக்குகள் எரிகின்றனவா. டயர் அழுத்தத்தை வெயில் படும் முன், குளிர்ந்த நிலையிலேயே அளக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் 50 மைல் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, டார்க் ரெஞ்சால் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள்.